மல்லாட்டைக் கொல்லையில் வெள்ளை நாடா

எங்கள் ஊரில் சவுரிராயன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பட்டாளத்தார் என்றால் ஒலக்கூர் பஸ் ஸ்டாப்பிலேயே கைகாட்டி விடுவார்கள். பாகிஸ்தானோடு இரண்டு சண்டைக்குப் போய்த் திரும்பியவர். அறுபத்தைந்து சண்டையைக் கேட்டால், பள்ளம் தோண்டியதையும் உருளைக்கிழங்கு உரித்ததையும்தான் சொல்வார். எழுபத்தொன்றில்தான் பதக்கம். கண்ணிவெடி புதைத்த வயலில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே மண்ணைக் குத்திப் பார்த்து வெடியை எடுத்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழி செய்து, இரு ஓரமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவது அவர் வேலை. பக்கத்தில் ஒன்று வெடித்து இடது காது போனது. போனால் போகட்டும் என்று வழியை முடித்துவிட்டுத்தான் படுத்தார்.

பதக்கத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியது அவர் மனைவி காந்திமதியம்மாள். அவர் எல்லையில் இருந்த வருஷமெல்லாம் களையெடுத்தும் நாற்று நட்டும் பிள்ளைகளை ஆளாக்கியது அந்தம்மாதான். காது போன பிறகு எங்கே போனாலும் அவருக்கு வலப்பக்கமாகவே நடப்பார். அவள் புண்ணியத்தில்தான் நான் மனுஷனாக இருக்கிறேன் என்று பட்டாளத்தார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்கே சலித்துவிடும்.

போன மார்கழிக் கடைசியில் அந்தம்மா இறந்துபோனார். காலம் தப்பிய மழை வேறு. எங்கள் கல்லறைக்குப் போவதைப் பாதை என்று சொல்கிறவன் ஒரு தரம் அதில் நடந்து பார்க்க வேண்டும். ஏரி வழிந்தால் முழங்கால் சேறு. அதில்தான் என் அப்பாவின் சவப்பெட்டி தூக்கியவர்கள் தோளிலிருந்து சரிந்து விழுந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து காந்திமதியம்மாள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தன்னை அந்தச் சேற்றில் போட்டுவிடக் கூடாது. அவரும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

பாதைக்கு மேட்டில் சுப்பராயலுவின் மல்லாட்டைக் கொல்லை. அதன் வழியாகப் போனால் கால் நனையாது. ஆனால் வேர்க்கடலைச் செடி பூத்து விழுது மண்ணில் இறங்குகிற சமயம், மிதித்தால் காய் பிடிக்காது. அனுமதி கேட்கப் போனால் ஆள் திண்டிவனம் போயிருந்தார், போனையும் எடுக்கவில்லை. எவ்வளவு இடம் வேண்டும் என்று காட்டிவிட்டுக் கேட்டால் மறுக்கமாட்டார் என்று பட்டாளத்தாருக்கு ஒரு யோசனை. மழையிலேயே பழைய வேட்டியைக் கிழித்து, குச்சி நட்டு, கொல்லையின் குறுக்கே இரண்டடி அகலத்துக்கு நாடா கட்டினார். ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் போன பட்டாளத்துப் பழக்கம். பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்.

திண்டிவனத்திலிருந்து வந்த சுப்பராயலுவுக்கு நாடாவைப் பார்த்ததும் பாதி உயிர் போய்விட்டது. பக்கத்து ஊரில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோதும் முதலில் இப்படித்தான் குச்சி நட்டார்கள். கத்திக்கொண்டே கொல்லையில் இறங்கிக் குச்சிகளை வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தவர், கடைசிக் குச்சியைப் பிடித்தபடி நனைந்து நின்ற பட்டாளத்தாரைப் பார்த்தார். நாங்கள் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னோம்.

சுப்பராயலு பிடுங்கிய குச்சிகளைக் கீழே போட்டார். பிறகு பட்டாளத்தாரின் நல்ல காதுப் பக்கமாக வந்து நின்றார்.

"ரெண்டடியில பொட்டி எப்படிங்க போவும்? ஆறு பேரு தூக்கினு வரணுமே" என்றார்.

சொல்லிவிட்டுக் குனிந்து செடியைப் பிடுங்க ஆரம்பித்தார். அத்தனையும் பூத்த செடி. நாங்களும் கூடச் சேர்ந்து பிடுங்கினோம். காந்திமதியம்மாள் அந்த வழியில் ஆடாமல் அசையாமல் போய்ச் சேர்ந்தார். என் அப்பாவை நினைத்து நான் அழுதது தனி.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பட்டாளத்தார் சுப்பராயலுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நீங்கள் மகராசனாக இருக்க வேண்டும் என்றார். செடியெல்லாம் போய்விட்டதே என்றும் வருத்தப்பட்டார்.

"போவட்டும். இனிமே இந்த எடத்துல வெதைக்கப் போறதில்ல. ஒங்க கல்லறைக்கு வழியாவே இருக்கட்டும்" என்றார் சுப்பராயலு.

பட்டாளத்தார் திரும்பி அந்த வழியை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் பார்த்தார்.

"அப்ப நானும் நனையாம அவகிட்டப் போய்ச் சேந்துடுவேங்க" என்றார்.