பொங்கல் சீராக வந்த இரும்புப் பெட்டி

எங்கள் வீட்டில் இணையத்துக்கென்று தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இணைப்பு அறுந்தது, எத்தனை நிமிடம் கழித்துத் திரும்பியது, அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்றெல்லாம் அதில் குறித்திருக்கிறேன். கன்டெய்னர் யார்டு வாசலில் உள்ளே வரும் வண்டிகளின் நேரத்தை எழுதுவது என் பிழைப்பு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. முழுதாக நம்பக்கூடியது என்று அந்த நோட்டை வெகுநாள் நினைத்திருந்தேன்.

திருவொற்றியூரில் கடலிலிருந்து மூன்றாவது தெருவில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். கிழக்குக் காற்று அடித்தால் ஜன்னல் கம்பியில் உப்பு பூக்கும். வடக்குக் காற்று அடித்தால் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கறுப்புப் பொடி படியும். இந்த இரண்டுக்கும் நடுவில், ஆவணியில் மாட்டிய எங்கள் முதல் ரவுட்டர் மார்கழிவரை உயிரோடு இருந்தது. கேபிள் அலுவலகத்திலிருந்து வந்தவர் அதைத் திறந்து காட்டினார். உள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்து, மேலே கரி படிந்து கிடந்தது.

"சார், இது நெட்டு கோளாறு இல்ல, காத்து கோளாறு. இந்த ஏரியாவுல அஞ்சு மாசம் ஓடிச்சின்னாலே அதுக்கு ஆயுசு கெட்டி" என்றார்.

அதே மாதிரி இன்னொன்றை மாட்டிவிட்டுப் போனார். ஒயர் இழுத்து நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினால் தொல்லை குறையும் என்றும் சொன்னார். வைஃபை காலத்தில் யாராவது சுவரெல்லாம் ஒயர் இழுப்பார்களா என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்தச் சமயம் என் மனைவி முதுகுத் தண்டில் வட்டு விலகி ஓய்வில் இருந்தாள். மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை அவளுடையது, மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரவு ஒன்பது வரை. அலுவலகம் நகரத்தின் தென்கோடியில் இருந்தது. நீண்ட நேர பஸ் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பிப்ரவரியிலிருந்து மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினாள். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. வேலை நேரத்தில் இணைப்பு பத்து நிமிடத்துக்கு மேல் அறுந்தால் குறித்துக்கொள்வார்கள். மூன்றாவது முறை அப்படி நடந்தால் மறுநாளே அலுவலகம் வரவேண்டும். அந்த முதுகோடு அவளால் போக முடியாது. பதினோரு வருடம் பார்த்த வேலை, அந்த மூன்றாவது குறிப்போடு முடிந்துவிடும்.

அவளுடைய அண்ணன் மணலியில் டேங்க் வெல்டர். எண்ணெய் நிரப்புகிற பெரிய தொட்டிகளுக்குள் இறங்கிப் பற்றவைக்கிறவர். பொங்கலுக்கு ஒவ்வொரு வருடமும் தங்கைக்குச் சீர் கொண்டுவருவார்: கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, புடவை. இந்த வருடம் பைக்கின் பின் சீட்டில், பழைய போர்வை சுற்றி இன்னொன்றும் வந்தது.

"மாப்ள, பிரிச்சிப் பாரு."

இரும்புத் தகட்டில் செய்த பெட்டி. இரு பக்கமும் காற்றுப் போகச் சின்னச் சின்னக் கீற்று. ஒயர் நுழைய ரப்பர் வளையம் வைத்த ஓட்டை. முன்னால் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள். சிவப்பு ப்ரைமர் அடித்து, மேலே சாம்பல் நிறம் பூசியிருந்தார். வெல்டிங் வைத்த இடத்தை விரலால் தடவினால் தெரியாது.

"எம்மாம் தபா தான் புதுசு மாத்துவீங்க? இதுக்குள்ள வெச்சி சாத்துனா உப்பும் வராது, கரியும் வராது. கப்பல்ல கூட இப்டி கெடையாது" என்றார்.

நானே ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்துச் சுவரில் அதை மாட்டினேன். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் அதற்கு இரும்பில் ஒரு உறை போடத்தான் முதலில் கை போகும். தண்ணீர் மோட்டாருக்குக் கூண்டு, மீட்டருக்குக் கூண்டு, பைக் பேட்டரிக்குப் பூட்டு. ரவுட்டருக்கும் ஒன்று போட்டோம். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. என் போனில், கூடத்தில் உட்கார்ந்து பார்த்தபோது எல்லாம் நன்றாகவே வந்தது.

மனைவி உள்ளறையில் வேலையை ஆரம்பித்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, இணைப்பு பதினான்கு நிமிடம் அறுந்தது. அலுவலகத்தில் அது முதல் குறிப்பு. எனக்கு அது நோட்டின் முதல் பக்கம்.

பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். அலைவரிசைகள் இரண்டு, ஒன்று தூரம் போகும், மற்றொன்று வேகமாகப் போகும், சுவர் எத்தனை என்று பார்க்க வேண்டும், எத்தனை ஆன்டெனா வேண்டும் என்று மூன்று வாரம் படித்தேன். ஒன்பது ரவுட்டர்களை வரிசைப்படுத்தி அட்டவணை போட்டேன். மார்ச் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் நான்கு ஆன்டெனா வைத்த ஒன்றை வாங்கிவந்தேன். அது பெட்டிக்குள் நுழையவில்லை. கொம்பு நான்கும் மேலே இடித்தன.

மச்சான் தினமும் வேலை முடிந்து காசிமேட்டுக்குத் திரும்பும் வழியில், ஆறேகால் மணிக்கு எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போவார். அன்றும் வந்தார்.

"இன்னா மாப்ள, மாடு மாரி கொம்பு வெச்சிகினு கீது? குடு, அது வூட்ட பெருசாக்கித் தரேன்" என்று பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்.

அந்த வாரம் வள்ளூர் மின் நிலையத்தில் அவருக்கு ராப்பகலாகப் பராமரிப்பு வேலை வந்துவிட்டது. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் இணைப்பு ஒரு நொடிகூட அறவில்லை. நோட்டில் "புது ரவுட்டர், தொல்லை தீர்ந்தது" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். பெட்டி போனதையும் வந்ததையும் எழுதவில்லை என்று சொல்ல முடியாது. எழுதினேன். ஆனால் அது விசேஷங்களுக்கும் வரிசைகளுக்கும் வைத்திருக்கும் வேறொரு நோட்டில். சீர் சீர்க் கணக்கில், இணையம் இணையக் கணக்கில் என்று ஒழுங்காகப் பிரித்து வைத்ததால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டிய இரண்டு வரிகள் ஒன்றையொன்று பார்க்கவேயில்லை.

உயரமான புதுப் பெட்டி சுவரில் ஏறியது. இரண்டே நாளில் தொல்லை திரும்பியது. ஆனால் இப்போது ஒரு வித்தியாசம். பகலில் ஒன்றுமில்லை, மாலை ஆறு மணிக்கு மேல்தான் அறுந்தது. எல்லாரும் வேலையிலிருந்து வந்து படம் பார்க்கிற நேரம், தெருவே நெரிகிறது என்று காரணம் கண்டேன். சிக்னலை வாங்கித் தள்ளிவிடும் இன்னொரு கருவியை வாங்கி இடைவழியில் சொருகினேன். வேகம் பாதியானது. ஏப்ரல் முதல் வாரம் இரண்டாவது குறிப்பும் விழுந்தது.

"இன்னும் ஒண்ணுதான்" என்றாள் மனைவி.

அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல், யார்டுக்குப் போகவில்லை. மத்தியானம் தூங்கி எழுந்து கூடத்துக்கு வந்தால், பெட்டிக் கதவு விரியத் திறந்திருந்தது. தானாகச் சாத்திக்கொள்ளாமலிருக்க இடையில் ஒரு துணிக் கிளிப். உள்ளறையில் மனைவி தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். நான் கூடத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். சரியாக ஆறு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள், கிளிப்பை எடுத்தாள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பும்போதுதான் என்னைக் கவனித்தாள்.

"தெரியுமா உனக்கு?" என்றேன்.

"அந்த ஒம்போது நாளுலயே தெரியும்."

"சொல்லக் கூடாதா?"

"இன்னான்னு சொல்றது? எங்க அண்ணன் குடுத்த சீரால என் வேல போவுதுன்னா? சீரக் கொற சொல்ற வாயி எனக்கு வராதுங்க. தெறந்து கெடந்தா அண்ணனே வந்து சாத்துது, 'தூசி பூந்துடும் பாப்பா'ன்னு. அது டீ குடிச்சிட்டு கெளம்புற வரைக்கும் எப்டியாவது ஓட்டிடலாம்னு பாத்தேன்."

அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் உள்ளே போய்விட்டாள். மச்சான் வந்து உட்கார்ந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தால், யார்டுக்கு ஏன் போகவில்லை, காய்ச்சலுக்கு மாத்திரை போட்டாயா என்று வேறு வேறு பேச்சாகப் போனது. அப்போது உள்ளேயிருந்து மனைவியின் குரல், போனில், ஆங்கிலத்தில் வந்தது. இதோ வந்துவிடும், ஒரு நிமிடம், தயவுசெய்து ஒரு நிமிடம் என்று மேலதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மச்சானுக்கு அந்த ஆங்கிலம் புரிந்ததோ இல்லையோ, அந்தக் குரல் புரிந்தது.

"இன்னா மாப்ள? ஏன் அழுவுற மாரி பேசுது?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அறுந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

மனைவி வெளியே வந்தாள். அண்ணனைப் பார்க்காமல் நேராகச் சுவரருகே போய்ப் பெட்டிக் கதவைத் திறந்தாள். திரும்பி உள்ளே ஓடினாள். ஓடக்கூடாத உடம்பு அது. பிறகு அவளுடைய வழக்கமான குரல், ஒரு பாலிசி எண்ணைப் படிக்கத் தொடங்கியது. மொத்தம் அறுந்திருந்தது எட்டு நிமிடமும் கொஞ்சமும்.

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து கதவைத் தொட்டார், சாத்தவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டார்.

"டேங்குக்குள்ள எறங்குனா போனு செத்துடும் மாப்ள. இருவது வருசமா எறங்கினுகீறேன். வூட்லேர்ந்து யாராச்சும் கூப்டா கூட தெரியாது. அத்தயே கொண்டாந்து உங்க வூட்டு செவுத்துல மாட்டிகீறேன்."

எட்டு மணி இடைவேளைக்கு மனைவி வெளியே வரும்வரை அவர் கிளம்பவில்லை. அதற்குள் அந்த மூன்று குறிப்பு நிபந்தனையை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த?"

"பொங்கலுக்குக் குடுத்தத வாணாம்னு சொல்லச் சொல்றியா?"

"சீரு கடல்ல வுழட்டும். வேல பூட்டா அப்பால நானா வந்து குந்திகினு அந்த இங்கிலீசு பேசப்போறேன்? மூணாவது எழுதிட்டாங்களா?"

"இல்ல. பத்து ஆவல."

"கஸ்மாலம், ஒரு வார்த்த சொல்லாம என்ன பேஜாராக்கிட்ட பாரு" என்றவர் அதற்குப் பிறகுதான் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷினோடு வந்தார். கூடத்துச் சுவரில் ஒரு துளை, இடைவழிச் சுவரில் ஒரு துளை. மாதக்கணக்கில் நான் தட்டிக்கழித்த அந்த ஒயரை, கிளிப் அடித்து, நூல் பிடித்ததுபோல் நேராக அவள் மேஜைவரை இழுத்தார். கம்ப்யூட்டருக்கு இனி ஒயர், பெட்டிக்குள் ரவுட்டர். கதவைச் சாத்தினாலும் வேலை ஓடியது. போனுக்குத்தான் உள்ளறையில் சிக்னல் குறைவு. அது பரவாயில்லை என்று விட்டுவிட்டோம். கீழ்வீட்டுக்காரரிடம் மச்சானே போய் விஷயத்தைச் சொல்லி, அவருக்குச் செய்த பெட்டியின் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

கருவி எதை வாங்குவது என்று நான் போட்ட அட்டவணையில் ஒன்பது வரிசையும் ஆறு பத்தியும் இருந்தன. வேகம், தூரம், ஆன்டெனா எல்லாம் இருந்தது. வீட்டில் யார் எந்த அறையில் எத்தனை மணி வரை உட்காருகிறார்கள், யார் யாரிடம் எதைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. அது இருந்திருந்தால் நான்கு கொம்பு ரவுட்டர் தேவையே பட்டிருக்காது.

மூன்று மாதம் முடிந்த அன்று மத்தியானம் அவளுக்கு மெயில் வந்தது. வீட்டிலிருந்து செய்யும் அனுமதியை ஒரு வருடத்துக்கு நீட்டியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். நான் படித்து முடித்ததும் அதை மூடிவிட்டு வேறொன்றைத் திறந்தாள். அவள் தட்டச்சு செய்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதம். உடல்நிலை காரணமாக என்று நான்கே வரி. இணைப்பைப் பற்றியோ பெட்டியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. தேதி போடவேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"எப்ப எழுதின?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது வாட்டி அறுந்துச்சே, அன்னிக்கு" என்றாள். என் கண் முன்னாலேயே அதை அழித்தாள்.