லண்டனுக்குப் போன பயிரழிவுப் பத்திரம்

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. நெல் அரிவி வெட்டுக் காலத்தில் இரண்டு கிழமை போகாமல் நின்றால், திரும்பிப் போகும்போது கணக்குப் பாடம் எனக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கும். அடுத்த வெட்டுக்கு மூன்று கிழமை நின்றேன். பிறகு போகவேயில்லை. ஆனையிறவு உப்பளத்தில் ஒரு பருவம், ஓமந்தைப் பக்கம் விறகு லொறியில் ஒரு வருடம் என்று அலைந்தேன். எழுபத்தொன்பதில் கிளிநொச்சிக்கு வந்து, இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்காரர் ஒருவரிடம் உழவு மெசின் ஓடச் சேர்ந்தேன்.

அவர் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் மாஸ்டர். ஒரே மகன் லண்டனில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தான். மிளகாய்க்கு நல்ல விலை இருந்த காலத்துக் காசில் அவனை அனுப்பியிருந்தார். அவன் போய் இறங்கிய கையோடு வெளிநாட்டு மிளகாய் கப்பலில் வரத் தொடங்கியது. எங்கள் மிளகாயைச் சந்தையில் கேட்பாரில்லை. மாஸ்டர் மிளகாய்த் தோட்டத்தை விட்டுவிட்டு நெல்லை மட்டும் நம்பினார்.

மகனை நான் கண்டதில்லை. அவன் சைக்கிளை ஓடினேன், அவன் விட்டுப்போன இரண்டு சேட்டுகளையும் போட்டுக் கிழித்தேன்.

ஒருநாள் களை பிடுங்கும் இடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர், நான், அக்கா. அக்கா மலையகத்துத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழு கலவரத்தில் அடிபட்டு வந்து எங்கள் வாய்க்கால் ஓரம் குடிசை போட்டவர். அவருடைய வாய்க்கு மாஸ்டரும் பயப்படுவார்.

"லண்டன்ல தம்பி என்னாங்க வேல செய்யுறாரு?" என்று அக்கா கேட்டார்.

"வேலை செய்யேலாது. பாஸ்போட்டிலயே அடிச்சுக் குடுத்திருக்கிறாங்கள். இருக்கலாம், படிக்கலாம். காசுக்கோ காசில்லாமலோ ஒரு வேலையும் செய்யேலாது."

"காசில்லாமக்கூடவா? அப்ப ஒரு கெழவி மூட்டையத் தூக்கிவிடச் சொன்னா?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"எங்களப் பாருங்க," என்றார் அக்கா. "எங்க தாத்தா காலத்துலேருந்து வேல செய்யலாம், ஆனா நீ இந்த நாட்டு ஆளில்லன்னாங்க. தம்பிக்கு இருக்கலாம், வேல செய்யக்கூடாதுன்றாங்க. ரெண்டு கவர்மெண்டும் ஒண்ணா ஒக்காந்து பேசியிருந்தா ஒரு முழு மனுசனுக்குக் கணக்கு சரியா வந்திருக்குமில்ல."

"அது சட்டம், பிள்ளை. படிக்கிறவன் படிக்கவேணும். செலவு முழுக்க என்ர பொறுப்பெண்டு நான் சமாதான நீதவானுக்கு முன்னால கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். வேலைக்குப் போனால் படிப்புப் போயிடும்."

அதை நான் மறுக்கவில்லை. வேலை படிப்பைத் தின்னும், என்னுடையதைத் தின்றது. ஆனால் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் நான் பட்டினியாக வகுப்பில் இருந்திருப்பேன், அப்போதும் கணக்கு ஏறியிருக்காது. எனக்கு யாரும் வேலை செய்யாதே என்று முத்திரை அடித்துத் தரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தேநீர் முடிந்தது, போய்க் களை பிடுங்கினோம்.

அடுத்த தையில், மாரிமழைக்கு விதைத்த காலபோக நெல்லை வெட்டக் கிடந்த கிழமையில், மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. சாய்ந்த கதிர் தண்ணீருக்குள் கிடந்து முளைத்துவிட்டது. அக்கா ஒரு பிடியைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். நாற்றுப் போலப் பச்சையாக இருந்தது. மாஸ்டர் குடையோடு வரம்பில் நின்றார். அந்தப் போகத்தில் மாட்டுக்கு வைக்கோல்கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் லண்டனுக்குக் காசு அனுப்பவில்லை. மனைவிக்கு அது தெரியாது. அந்த அம்மாவுக்குக் கண்பார்வை குறைவு. மகனின் கடிதம் வந்தால் மாஸ்டர்தான் அவா சமைக்கும் குசினி வாசலில் கதிரை போட்டிருந்து வாசித்துக் காட்டுவார். சித்திரைக் கடைசியில் வந்த கடிதத்தை வாசிக்கும்போது நான் அங்கே மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

"ஐயா இந்த மாதம் அனுப்பிய காசு கிடைத்தது," என்று வாசித்தவர் நின்றுவிட்டார்.

"என்ன நிப்பாட்டிப் போட்டியள்?"

"எழுத்து விளங்கேல்லை."

"அவன்ர எழுத்து முத்து மாதிரி எண்டெல்லோ சொல்லுவியள்?"

"இது அவசரத்தில எழுதியிருக்கிறான்," என்று சொல்லிவிட்டு மிச்சத்தை வாசித்து முடித்தார்.

பின்னேரம் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் அனுப்பேல்லை, தம்பி."

"தெரியும், மாஸ்டர்."

"அவன் தாய்க்காகப் பொய் எழுதியிருக்கிறான். இல்லாட்டி எனக்காக." எண்ணெய்த் துணியை எடுத்து மடித்தார். "அப்ப அவன் எங்கயோ வேலை செய்யிறான்."

ஆனியில் அடுத்த கடிதம் வந்தது, ஒரு படிவத்தின் நகலோடு. இந்த முறை மகன் ஒளிக்கவில்லை. விடியப்புறம் ஒரு பேக்கரியில் பாண் அடுக்குகிறேன், பிறகு வகுப்புக்குப் போகிறேன், இரண்டும் நடக்கிறது என்று எழுதியிருந்தான். படிப்பு முடிய ஒரு வருடம் இருந்தது. அங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கவேண்டும். அதற்கு ஐயா இரண்டே இரண்டு வரி எழுதித் தரவேண்டும்: மாதாமாதம் நான்தான் செலவுக்கு அனுப்புகிறேன் என்று.

மாஸ்டர் மூன்று நாள் எழுதவில்லை. பேப்பரை எடுப்பார், மை விடுவார், வைப்பார். பொய் சொல்லாத மனிதர் என்று அவரைச் சொல்லமாட்டேன். மனைவிக்குச் சொல்லிக்கொண்டுதானே இருந்தார். ஆனால் பேப்பரில் எழுதிக் கையெழுத்து வைப்பது அவருக்கு வேறு விஷயம்.

மூன்றாம் நாள் நான்தான் வாயைத் திறந்தேன்.

"மாஸ்டர், போன முறை தண்ணி வராமல் விட்டதுக்கு உதவி அரசாங்க அதிபர் கந்தோருக்கு மனு எழுதினீங்களெல்லோ. விதை நெல்லுத் தந்தவங்கள்தானே. அதே மாதிரி நடந்ததை எழுதுங்கோ. வயல் அழிஞ்சு போச்சு, காசு அனுப்ப ஏலாமல் போச்சு, படிப்பு முடியும்வரைக்கும் வேலை செய்ய விடுங்கோ எண்டு. அவங்களும் மனிசர்தானே."

எங்கள் பக்கத்தில் எதற்கும் மனுத்தான். வாய்க்காலுக்கு, காணி அனுமதிக்கு, யானை வேலிக்கு. பத்தில் இரண்டுக்காவது பதில் வரும். மாஸ்டர் எழுதினால் நாலுக்கு வரும். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்று நாளுக்குப் பிறகு அன்றுதான் முகத்தில் இரத்தம் வந்தது.

"நீர் போய் விதானையாரிட்ட பயிரழிவுப் பத்திரம் ஒண்டு வாங்கிக்கொண்டு வாரும்," என்றார்.

எங்கள் கிராம சேவகரை எல்லோரும் பழைய பெயரில் விதானையார் என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் பேனையை வைத்துவிட்டார்.

"லண்டனுக்கோ? என்ர சீல் ஓமந்தை தாண்டினாலே ஒருத்தனும் மதிக்கான், அடாப்பா."

"மாஸ்டர் கேட்டவர்."

"எவ்வளவு அழிவெண்டு போட?"

"முழுக்க."

எழுதினார். சீலை மைப்பெட்டியில் அழுத்தி ஒரு குத்துக் குத்தினார். யோசித்துவிட்டு இன்னொன்று குத்தினார். "வெளிநாடு எண்டபடியால் ரெண்டு கிடக்கட்டும்," என்றார்.

மாஸ்டர் நான்கு பக்கம் எழுதினார். எனக்கு ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். தன் மகன் பேக்கரியில் வேலை செய்வது உண்மை, அது அவன் குற்றமல்ல, மழையின் குற்றமும் தன் குற்றமும். சொன்ன சொல்லைத் தன்னால் காப்பாற்ற முடியவில்லை. படிக்கிற பிள்ளை விடியப்புறம் இரண்டு மணித்தியாலம் உழைத்துச் சாப்பிடுவதை அனுமதித்தால் எந்த நாட்டுக்கும் நட்டமில்லை என்று. எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு நல்ல மனு.

மனைவிக்கு அப்போதுதான் எல்லாம் தெரியவந்தது. காசு போகாததைப் பற்றி அவா சண்டை பிடிக்கவில்லை. வேறொன்றைக் கேட்டா.

"பிள்ளை ரெண்டு வரிதானே கேட்டவன். நீங்கள் ஏன் நாலு பக்கம் எழுதிறியள்?"

"அவன் கேட்டது பொய். இது நடந்தது. நடந்தது எப்பவும் நீளம்தான்."

மகனிடம் அனுப்பினால் வெட்கப்பட்டுக் கொடுக்காமல் விட்டுவிடுவான் என்று, படிவத்தில் இருந்த குடிவரவுக் கந்தோர் விலாசத்துக்கே நேரே அனுப்பச் சொன்னார். மூலப்பிரதி அதிகாரிக்கு, நகல் சம்பந்தப்பட்டவருக்கு. கந்தோர் முறை அதுதான். விதானையாரின் பத்திரத்தையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்தார். நான் கிளிநொச்சித் தபால் கந்தோரில் பதிவுத் தபாலாகப் போட்டேன்.

திரும்பி வந்து அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நெசத்தையா எழுதி அனுப்பினீங்க?" என்றார். "எங்கப்பாவும் பிரஜாவுரிமைக்கு நெசத்தத்தான் எழுதிக் குடுத்தாரு."

"பிறகு?"

"பிறகு என்ன. நான் இங்க ஒன்கூட களை புடுங்குறேன்."

ஆவணியில் பதில் வந்தது, மகனிடமிருந்து. மாஸ்டர் அதே குசினி வாசலில் இருந்து, இந்த முறை ஓரிடத்திலும் நிற்காமல் வாசித்தார். என்னைக் குடிவரவுக் கந்தோருக்குக் கூப்பிட்டு ஐயாவின் மனுவை எனக்கு முன்னால் வாசித்தார்கள். இப்படி நேர்மையான கடிதத்தைத் தான் கண்டதில்லை என்று அங்கிருந்த அதிகாரி சொன்னார். ஐயாவின் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். வேலை செய்ததைத் தகப்பனே எழுதிக் கொடுத்த பிறகு வேறு சாட்சி தேவையில்லை என்று அனுமதியை மறுத்துவிட்டார்கள். வழக்குப் பேச வசதியில்லை, ஊருக்கு வருகிறேன். ஐயா யோசிக்க வேண்டாம்.

"வாறானோ?" என்றா அந்த அம்மா. "வரட்டும். வந்து சாப்பிடட்டும்."

அதற்குப் பிறகு பல நாள் மாஸ்டருக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவா. முன்பெல்லாம் பக்கத்தில் இருந்து விசிறுவா.

மனு என்னுடைய யோசனை என்று மாஸ்டர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

படிக்கப் போன இடத்தில் பிள்ளைகளை வேலை செய்ய விடலாமா என்று பின்னாளில் பல இடங்களில் ஆட்கள் வாதாடக் கேட்டிருக்கிறேன். விட்டால் படிப்பு என்ற பெயரில் வேலைக்கே வந்துவிடுவார்கள் என்பார்கள். வருவார்கள்தான். நானாக இருந்தாலும் வருவேன். ஆனால் அந்தப் பையன் படிக்கத்தான் போனான். பாண் அடுக்கியது படிக்க. அதை விட்டிருந்தால் ஒருவரும் ஒருவருக்கும் பொய் எழுதத் தேவை வந்திருக்காது. இதைச் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. சொல்லிப் பயனும் இல்லை.

புரட்டாசிக் கடைசியில் கிளிநொச்சியில், கண்டி வீதியில் பஸ்ஸால் இறங்கினான். கூட்டிவரச் சைக்கிளோடு போயிருந்தேன். ஒல்லியாக இருந்தான். பெட்டியைக் கரியரில் கட்டி, அவனைப் பாரில் இருத்தி ஓடினேன்.

கொஞ்சத் தூரம் போனதும், "அந்த மனு ஆற்ற யோசினை?" என்று கேட்டான்.

"என்ர."

வாய்க்கால் பாலம் வந்தது.

"ரெண்டு சீல் ஏன்?"

"வெளிநாடு எண்டபடியால் எண்டு விதானையார் குத்தினவர்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். சைக்கிள் ஆடி இருவரும் விழப் பார்த்தோம். சிரித்து முடிந்த பிறகு முகத்தைத் துடைத்தான். அதோடு அந்தக் கதையை அவன் என்னிடம் எடுக்கவேயில்லை.

இரண்டு நாள் தாய் போட்டதைத் தின்று படுத்துக் கிடந்தான். மூன்றாம் நாள் விதைப்புக்கு உழுதுகொண்டிருந்தோம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்கு வந்தான். மாஸ்டர் வரம்பிலேயே மறித்தார்.

"நீ இறங்காதை. நீ இதுக்குப் பிறந்தவனில்லை. கொழும்பில எங்கயாவது மிச்சத்தைப் படிக்க வழி பாப்பம். நான் எழுதிறன்."

"ஆருக்கு எழுதப் போறியள்?"

மாஸ்டர் குனிந்து வேட்டியில் ஒட்டிய சேற்றைத் தட்டினார்.

"இஞ்சயும் நான் வேலை செய்யக்கூடாதோ, ஐயா?"

கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப் போய்க் கேட்டான். அக்கா விதைக் கடகத்தை வரம்பில் இறக்கி வைத்தார்.

மாஸ்டர் வரம்பில் விலகி வழி விட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீர் கொஞ்சம் இறங்கும்," என்றார்.

இறங்கினேன். அவன் மெசினில் ஏறி ஓட்டினான். முதல் சால் வளைந்து போனது. இரண்டாவது அவ்வளவு மோசமில்லை.

ஒரு மெசினுக்கு இரண்டு பேர் தேவையில்லை. யாரும் போகச் சொல்லவில்லை, நானே அந்தக் கிழமை முடிய முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே கரையில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றுக்குக் கரைவலை இழுக்க ஆள் தேவைப்படுவதாகக் கேள்வி. புறப்படும்போது மாஸ்டர், வேலை கேட்கும் இடத்தில் காட்டச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தந்தார், ஆங்கிலத்தில். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நடந்ததைத்தான் எழுதியிருப்பார். நான் அதை ஓரிடத்திலும் காட்டவில்லை.