முன்னூற்று ஒன்பதாம் பக்கத்து இரண்டு வரி

அலுவலகத்தில் அவளைக் கையேட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நூலக மென்பொருள் ஒன்றுக்குப் பதினொரு வருடமாகப் பயனர் கையேடு எழுதுகிறவள். கால் ஓரிடத்தில் நிற்காது. ஒரு படியை எழுதுவாள், எழுந்து நடப்பாள், திரும்பி வந்து ஒரு கமாவை மாற்றுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நாத்தனார் போன் செய்தாள். பள்ளிக்கூட நூலகர் அவள்.

"அண்ணி, நாலாயிரம் புத்தகத்தோட பட்டியலக் காணோம். தலைமையாசிரியர் எழுத்துல விளக்கம் கேக்கறார்."

"பேக்கப் எடுத்தியா?"

"வாராவாரம் எடுத்தேன். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சு. உங்க புத்தகத்தப் பாத்து அதத் திருப்பிப் போட்டேன். எல்லாம் காலி."

"விண்டோஸ்தானே?"

"இல்லியே. போன வருஷமே லினக்ஸுக்கு மாத்திட்டாங்க."

அவசரமாகக் கையேட்டைப் புரட்டினாள். படமெல்லாம் விண்டோஸ். முன்னூற்று ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் இரண்டு வரி: 'லினக்ஸ் பயன்படுத்துவோர் மேற்கண்டவற்றைத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளவும்.' எழுதியது அவளேதான். அன்றைக்கு லினக்ஸைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

மேலாளரிடம் போனாள். "லினக்ஸ்காரங்க நூத்துல ரெண்டு பேர்மா, விடுங்க" என்றார். விடுப்பு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

நாத்தனாரின் முகம் அழுது வீங்கியிருந்தது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையேட்டை முதலிலிருந்து படித்தாள். இரண்டாம் அத்தியாயத்தில் பேக்கப் ஃபோல்டரின் ஆங்கிலப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது. ஒன்பதாம் அத்தியாயத்தில் சின்ன எழுத்தில். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு வேறு வேறு.

"அப்படி ஃபோல்டரே இல்லன்னு சொல்லுச்சு அண்ணி. நீங்க எழுதின பேர்லயே புதுசா ஒண்ணு உண்டாக்கினேன்."

அந்தக் காலி ஃபோல்டரைத்தான் பட்டியலின் மேல் போட்டிருக்கிறாள். கையேட்டக்கா பெரிய எழுத்து ஃபோல்டரைத் திறந்தாள். நாலாயிரம் புத்தகமும் பத்திரமாக இருந்தன.

நாத்தனாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "என் தப்புன்னு மூணு நாளா சோறே எறங்கல."

"உன் தப்பு இல்லடி, என் தப்பு. விளக்கத்த நானே எழுதித் தர்றேன்."

எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

ஒன்பதாம் அத்தியாயத்தைத் திருத்த மேலாளர் சம்மதித்தார். மற்றதெல்லாம் அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாமாம். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாத்தனாருக்கு அண்ணி இருந்தாள். மற்றவர்கள் யாருக்குப் போன் செய்திருப்பார்கள்? ஸ்டோர் ரூமிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிவந்து லினக்ஸ் ஏற்றினாள். ஒவ்வொரு படியையும் இரண்டிலும் செய்து பார்க்கிறாள். வேலை ஆமை வேகத்தில் நகர்கிறது, மேலாளர் முணுமுணுக்கிறார். இதுவரை நாற்பத்தொரு பக்கம் முடிந்திருக்கிறது. அதற்குள் பதினேழு தப்பு.