பத்து நாள் மிதிச்ச பாத்தி

போன வருஷம் பொங்கல் முடிஞ்ச ரெண்டாவது வாரம், மரக்காணம் உப்பளத்துல நடந்தது இது. நான் சொந்தமா ஜேசிபி வாங்கி அன்னைக்கு இருபத்தி மூணாவது நாள். நாள் கணக்கு எப்படி ஞாபகம் இருக்குன்னா, வண்டி வாங்கினதுலேர்ந்து நான் ஒழுங்கா தூங்கினதே கிடையாது.

அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் இன்னொருத்தர் வண்டியில ஆபரேட்டர். இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம் பக்கம்தான் வேலை பூரா. வீட்டுக்கு அஸ்திவாரம், மழைத்தண்ணிக்குக் குட்டை, மரம் நடக் குழி. எல்லாம் செம்மண். செம்மண்ணு நம்மை ஏமாத்தாது. காஞ்சிருந்தா கெட்டி, நனைஞ்சிருந்தா வழுக்கும், பார்த்தாலே தெரிஞ்சிடும். அந்தப் பதினோரு வருஷத்துல சீட்டை விட்டு இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்க்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல.

சொந்த வண்டின்னு ஆனதும் ஆளே மாறிட்டேன். செகண்ட் ஹேண்ட்தான். ஆனா அதுக்காக பிரம்மதேசத்துல எங்கப்பா விட்டுட்டுப் போன முக்கால் ஏக்கர் நஞ்சையை வித்தாச்சு. எனக்குன்னு இருந்தது அவ்வளவுதான். விக்கும்போது என் பொண்டாட்டி ஒரு வார்த்தை தடுக்கல. அதுதான் எனக்குப் பயத்தைக் கூட்டிச்சு. வண்டி ஒரு மணி நேரம் சும்மா நின்னா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். சாப்பிட உக்காந்தா கூட கால் ஆடிக்கிட்டே இருக்கும். "கால்ல சுடுதண்ணியை ஊத்திக்கிட்டே பொறந்தியா நீ"ன்னு அவ திட்டுவா. போன் அடிச்சா யாரு, எங்கன்னு கேக்கிறதுக்கு முன்னாடியே "வந்துடுறேண்ணே"ன்னு வாய் சொல்லிடும்.

அப்படித்தான் ஒரே நாளுக்கு ரெண்டு பேர்கிட்ட வாக்கு குடுத்துட்டேன். காலையில மரக்காணத்துல ஒரு உப்பளக் குத்தகைக்காரருக்கு ஓடை தூர் வாரணும். மழை சீசன் முடிஞ்சதும் உப்புத்தண்ணி வர்ற ஓடையில வண்டல் அடைச்சிருக்கும், அதை எடுத்தாத்தான் அந்த வருஷத்து உப்பு. மதியம் குயிலாப்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு செப்டிக் டேங்க் குழி எடுக்கணும். அந்த ஓனரு பன்னெண்டு மணிக்கு மேஸ்திரியை வரச் சொல்லிட்டாராம்.

குத்தகைக்காரர் தெளிவாத்தான் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு நான் வர்றேன், வந்து வழி காட்டுறேன், கரையைச் சுத்தித்தான் வண்டி போகணும், அதுவரைக்கும் ரோட்டோரம் நிறுத்திட்டு டீ குடிப்பான்னார். நான் ஆறரைக்கே போய் நின்னுட்டேன். ரெண்டு டீ குடிச்சேன். வண்டியைச் சுத்தி நாலு தடவை நடந்தேன். ஏழரை ஆச்சு. அதுக்கு மேல என்னால முடியல.

சீட்ல ஏறி உக்காந்து பார்த்தேன். கரையைச் சுத்தினா ஒரு கிலோமீட்டருக்கு மேல வரும். நேரா பார்த்தா ஓடை எரநூறு அடி. நடுவுல தட்டையா, உப்பு பூத்து, வெள்ளை வெளேர்னு ஒரு வெளி. வெடிச்சுக் காஞ்சு கெடந்துச்சு. இதுல போகாம எவன் சுத்திப் போவான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வண்டியை இறக்கிட்டேன்.

நூத்தம்பது அடி வரைக்கும் ஜம்முனு போச்சு. எங்க ஊரு புள்ளையாருக்கு மனசுக்குள்ள ஒரு தேங்காய் கூட வேண்டிக்கிட்டேன், ரெண்டு வேலையும் முடிஞ்சா உடைக்கிறேன்னு. அப்புறம் பின்சக்கரம் ஒண்ணு சரக்குனு இறங்கிச்சு. பதறல நான். செம்மண்ணுல மாட்டினா செய்யிற மாதிரியே பின் பக்கெட்டை ஊனி வண்டியைத் தள்ளப் பார்த்தேன். பக்கெட்டு கூழுக்குள்ள கரண்டி போற மாதிரி உள்ள போயிக்கிட்டே இருந்துச்சு. வெடிச்சுக் காஞ்சதெல்லாம் மேல நாலு விரக்கடைதான். அடியில பூரா கருப்புக் களி. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி முன்னால போகாம கீழ போச்சு. அச்சு மண்ணுல உக்காந்ததும்தான் நல்லா மாட்டிக்கிட்டோம்னு எனக்கு உறைச்சுது.

பக்கத்துப் பாத்திங்கள்ல ஒரு கூட்டம் வரிசையா நின்னு மண்ணை மிதிச்சுக்கிட்டு இருந்தாங்க. பதினோரு பேரு, முக்காவாசி பொம்பளைங்க. உப்பு எடுக்கிறதுக்கு முன்னாடி பாத்தியோட தரையைக் காலால மிதிச்சு மிதிச்சு இறுக்குவாங்க. அப்பதான் தண்ணி அடியில இறங்காம மேலயே காஞ்சு உப்பாகும். இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. பெருசா என்ன வேலை இது, நம்ம வண்டியை ரெண்டு தடவை ஓட்டினா முடிஞ்சிடுமேன்னு வரும்போதே நினைச்சேன், நிஜமா.

அந்தக் கூட்டத்துலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. அக்கான்னு சொல்றேனே தவிர என் வயசுதான் இருக்கும். புடவைக்கு மேல பழைய சட்டை, தலையில துண்டு, வெறுங்கால். வண்டியை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு, "இன்னாண்ணா, குளிப்பாட்ட இட்டாந்தியா வண்டியை?"ன்னாங்க. எனக்குச் சுர்ருனு கோவம் வந்துச்சு. மறுபடி ஆக்சிலேட்டர்ல கால வச்சேன். "மொதல்ல அதை ஆப் பண்ணு. மேலயே குந்திகினு இருந்தா கீழ இருக்கிறது எப்படித் தெரியும்"னு ஒரு அதட்டு போட்டாங்க. இறங்கினேன். ஷூவோட கால் முட்டி வரைக்கும் போச்சு. காலை உருவினா ஷூ வரல. ரெண்டு ஷூவும் அந்தக் களிக்குள்ளயே போயிடுச்சு.

அவங்க ஓடையைக் கையால காட்டினாங்க. ஒன்பதரை, பத்துக்குக் கடல் ஏறுமாம். ஏறினா தண்ணி ஓடை வழியா வந்து இந்த இடத்துல முட்டி அளவு நிக்குமாம். அப்புறம் இந்த மண்ணு இன்னும் இளகிடுமாம். நான் தெரிஞ்ச ஆபரேட்டருங்க ரெண்டு பேருக்குப் போன் போட்டேன். ஒருத்தன் எடுக்கல. இன்னொருத்தன் திண்டிவனத்துல இருக்கான், வர மதியம் ஆகும்னான். அவன் வந்தாலும் அவன் வண்டியும் உக்காந்துடும்னு அந்தக்கா சொன்னாங்க. முக்கால் ஏக்கரும் என் கண்ணு முன்னாடி களிக்குள்ள இறங்கிக்கிட்டு இருந்துச்சு.

அப்போ அவங்க ஒண்ணு செஞ்சாங்க. குதிகாலை மண்ணுல அழுத்தி எடுத்தாங்க. அந்தக் குழியில உடனே தண்ணி ஊறிச்சு. அப்படியே பத்தடி நடந்து வரப்பைத் தாண்டி அவங்க பாத்தியில அதே மாதிரி அழுத்தினாங்க. தடமே விழல. "பத்து நாளா மிதிக்கிறோம்ணா. இது ஒரு தபா தாங்கும்"னாங்க.

அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கு முன்னாடி அவங்க ஆளுங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. ஒருத்தர் வேணாம்க்கான்னார். இன்னும் ரெண்டு நாள்ல தண்ணி வுடப் போற பாத்தி, மறுபடி மொதல்லேர்ந்து மிதிக்க முடியாதுன்னார். அவர் சொன்னதுல என்ன தப்பு இருக்குது. அந்தக்கா ஓடையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம், "பாத்தி போனா நாம மறுபடி மிதிச்சிக்கலாம். அந்தண்ணன் வண்டி போனா அவரு எதைப் போயி மிதிப்பாரு"ன்னாங்க.

உப்பு அம்பாரத்தை மூடறதுக்கு வச்சிருந்த தென்னங்கீத்தையெல்லாம் எல்லாருமா தூக்கிட்டு வந்தாங்க. வாய்க்காலைத் தாண்டப் போட்டிருந்த பனந்துண்டுங்களைப் பெயர்த்தாங்க. சக்கரத்தைச் சுத்தி இருந்த களியைக் கூடையிலயும் கையிலயும் அள்ளிக் கொட்டினாங்க. பனந்துண்டு மேல பக்கெட்டை ஊனினேன், இந்தத் தடவை நின்னுச்சு. ஒரு சக்கரம் தூக்கறது, அடியில கீத்து போடறது, இறக்கறது. அடுத்த சக்கரம். ஓடை நிரம்பிக்கிட்டு வர்றது சீட்லேர்ந்து எனக்கு நல்லாத் தெரியுது. அவசரப்பட்டு ஒரு தடவை முன்னாடியே கியர் போட்டேன். கீத்து பிச்சுக்கிட்டு பறந்துச்சு, மறுபடி முதல்லேர்ந்து. அவங்க யாரும் முகம் சுளிக்கல. திரும்ப அள்ளினாங்க.

கடைசியா வரப்பை வெட்டி வழி விட்டாங்க. நிறுத்தாம போ, நின்னா அதுவும் வுட்டுடும்னு அந்தக்கா கத்தினாங்க. டயர் கீத்துல பிடிச்சுது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி மேல ஏறிச்சு. மூணு பாத்தியைத் தாண்டி வண்டிப்பாதைக்கு வந்து நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தா, பலகை மாதிரி இருந்த மூணு பாத்தி நடுவுல கணுக்கால் ஆழத்துக்கு ரெண்டு கோடு. அடியிலேர்ந்து தண்ணி கசிஞ்சு வருது. அவங்க அதைப் பார்க்காம வெட்டின வரப்பை அடைச்சுக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல என் வண்டி மாட்டியிருந்த இடத்துல தண்ணி நின்னுச்சு.

இதுவரைக்கும் சொன்னது என் முட்டாள்தனம். இனிமே சொல்லப் போறதுதான் எனக்கு வெக்கம்.

சரியா பத்து மணிக்கு குத்தகைக்காரர் பைக்ல வந்தார். பாத்தியைப் பார்த்தார். "யாரு வண்டியை இதுல ஏத்தினது?"ன்னு கத்தினார். நான் வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கிட்டேன். தொழில் ஆரம்பிச்சு மாசம் கூட ஆகல, இந்தாளு நாலு பேர்கிட்ட சொன்னா அப்புறம் இந்தக் கரையில எவன் என்னைக் கூப்பிடுவான், இதுதான் ஓடுது மனசுல. அதுக்குள்ள அந்தக்கா, "நான்தான் ஏத்தச் சொன்னேன்"னுட்டாங்க. அவர் அவங்களை எல்லாருக்கும் முன்னாடி வாங்கு வாங்குனு வாங்கினார். திரும்ப மிதிக்கிறதுக்குக் கூலி கிடையாதுன்னும் சொல்லிட்டார். அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு கேட்டாங்க. என் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கல. என் பாக்கெட்ல போன் அடிச்சுது, குயிலாப்பாளையத்துக்காரர். அதையே சாக்கா வச்சுக்கிட்டு, ஓடையைத் தொடாமலே வண்டியைக் கிளப்பிட்டு வந்துட்டேன்.

பன்னெண்டு மணிக்குள்ள போய் குழியும் எடுத்தேன். செம்மண்ணு, வெண்ணெய் மாதிரி வந்துச்சு. பெடல் மேல இருந்த என் வெறுங்கால்ல களி காஞ்சு வெடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கல.

சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் ஷூ எங்கன்னு பொண்டாட்டி கேட்டா. எல்லாத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "உனக்கு வாய் இருந்துச்சு இல்ல?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா.

மறுநாள் வண்டியை வீட்டுலயே நிறுத்திட்டு பஸ் ஏறி உப்பளத்துக்குப் போனேன். அவங்க மிதிச்சுக்கிட்டு இருந்தாங்க. வரப்பு மேல என் ஷூ ஒண்ணு, கழுவிக் காய வச்சிருந்துச்சு. ஒண்ணுதான் கெடைச்சுதுன்னாங்க. நான் பேண்ட்டைச் சுருட்டிக்கிட்டு வரிசையில போய் நின்னேன். தள்ளி எடம் விட்டாங்க, ஊனிக்கிட்டு மிதிக்க ஒரு கழியைக் கையில குடுத்தாங்க.

பார்த்தா சுளுவு மாதிரிதான் இருக்கும். குதிகாலோட குதிகால் ஒட்டி, அடி அடியா நகரணும். எனக்கு வேகமாத்தான் வரும். நான் மிதிச்ச இடம் பூரா குழி குழியா கெடந்துச்சு. "ஓடாதண்ணா, மண்ணு எங்கியும் போவாது"ன்னு ஒருத்தர் சொல்ல, வரிசையே சிரிச்சுது. மதியத்துக்குள்ள கெண்டைக்கால் கல்லாயிடுச்சு. உப்பு பட்டு விரல் இடுக்கெல்லாம் பொளந்துடுச்சு. போன் பாட்டுக்கு அடிக்குது, பத்து நாள் கழிச்சு வர்றேன்னு சொல்லிச் சொல்லி வச்சேன்.

மூணாவது நாள் குத்தகைக்காரர் வந்தார். நீ இன்னாப்பா இங்கன்னு கேட்டார். சொன்னேன். வழி காட்டறதுக்கு முன்னாடி இறக்கினது நான், மாட்டினது நான், அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான், அந்தக்கா மேல தப்பே இல்லன்னு. அவர் என் காலையே பார்த்துக்கிட்டு இருந்தார். மறுமிதிக்கும் கூலி உண்டுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு பைக்கை எடுத்துட்டுப் போயிட்டார். அந்தக்கா, "வேகமா மிதிக்காத"ன்னு மட்டும் சொன்னாங்க.

ஒன்பதாவது நாள் அவங்க பாத்தி நடுவுல போய் குதிகாலை அழுத்தினாங்க. தடம் விழல. போ, போயி உன் பொழப்பைப் பாருன்னாங்க. பத்தாவது நாள் கரையைச் சுத்திப் போய் அந்த ஓடையைத் தூர் வாரிக் குடுத்தேன்.

இப்பவும் சாப்பிட உக்காந்தா கால் ஆடத்தான் செய்யுது. போனை எடுத்தா "வந்துடுறேண்ணே"தான் வருது. ஆனா எந்த எடத்துக்குப் போனாலும் முதல்ல வண்டியை ஆப் பண்ணிட்டு இறங்கி, வெறுங்காலோட ஒரு சுத்து நடந்து, குதிகாலை அழுத்திப் பார்க்கிறேன். என்ன வேண்டுதலான்னு குயிலாப்பாளையத்துல கிண்டல் பண்றாங்க. என் எட்டு டன் வண்டியைத் தாங்கினது பதினோரு பேரு பத்து நாள் மிதிச்ச காலுன்னு அவங்களுக்கு எப்படிச் சொல்றது. நான் கெடுத்த பாத்தியை ஒன்பது நாள்ல சரி பண்ணிட முடிஞ்சுது. அந்தக்கா எனக்காகத் திட்டு வாங்கிக்கிட்டு இருந்தப்ப நான் வாயை மூடிக்கிட்டு நின்ன அந்த ஒரு நிமிஷம் மட்டும் இறுகவே இல்ல, இன்னைக்கும் எந்த மண்ணுல குதிகாலை வச்சாலும் அதுல தண்ணி ஊறிக்கிட்டேதான் இருக்குது.