மீந்த மாத்திரைக்கு ஒரு மஞ்சள் பெட்டி

மாத்திரை விற்க வாயே திறக்க வேண்டாம்; விற்ற மாத்திரையைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் எங்கள் தொழில். கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நிற்கும் சக ஜீவன்களே, உங்களிடம்தான் இதைக் கொட்ட முடியும்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். வீடு தருமபுரத்தில். போன கோடையில் எங்கள் தெருக் குளம் வற்றியபோது, சேற்றில் ஷாம்பு பாக்கெட்டுகளோடு மாத்திரை அட்டைகளும் பளபளத்தன. ஒரு கவரில் எங்கள் கடைப் பெயர்! குளக்கரை அடிபம்பில்தான் தெருவே தண்ணீர் பிடிக்கிறது, நானும்தான். வீடுகளில் மீந்த மருந்தைப் போட கடையில் ஒரு பெட்டி வைப்போம், ஆஸ்பத்திரிக் கழிவு எடுக்கும் வண்டியில் கொடுத்தால் எரித்துவிடுவார்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் ஷாம்பு கம்பெனிக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்த கவுண்டர் ஓரத்தை அரை மனதாகக் காட்டினார். "தீபாவளி வரைக்கும் வச்சுக்கம்மா. காலியா கெடந்துச்சுன்னா ஷாம்பு ஸ்டாண்டு வந்துடும்."

முதல் வரவு

எல்லார் கண்ணிலும் படட்டும் என்று பெட்டிக்கு மஞ்சள் தாள் ஒட்டினேன். என் புத்தியை என்ன சொல்ல. மேலே ஒரு ஓட்டை, முன்னால் 'மீந்த மருந்துகளை இங்கே போடவும்' என்று கொட்டை எழுத்து. இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். பெட்டிக்குள் ஒரு நாணயத்தைப் போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். எழுத்தைக் காட்டினேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. "அதெல்லாம் யாருங்க படிக்கிறா? மஞ்சளா இருந்துச்சு, ஓட்டை இருந்துச்சு, போட்டேன்."

கால்படாத இடம்

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் மாதா மாதம் பை நிறைய மருந்து வாங்குவார். டாக்டர் மாற்றி எழுதினால் பழையதை என்ன செய்கிறீர்கள் சார் என்று கேட்டேன். உயிரைக் காப்பாற்றுகிற பொருளைக் குப்பையில் போட்டுக் கண்டவர் காலில் மிதிபட விடலாமா என்று என்னிடமே கோபித்துக்கொண்டார். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, பக்தியோடு வீட்டுக் கிணற்றில் போட்டுவிடுவாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தண்ணீரையா சார் குடிக்கிறீங்க என்றேன்.

"சேச்சே, என்னம்மா நீ! குடிக்கிறதுக்குக் கேன் தண்ணி. அது குளிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும்தான்."

நல்லதா ஒன்று

தீபாவளி நெருங்கியது. பெட்டியில் அந்த நாணயமும், யாரோ போட்ட பஸ் டிக்கெட்டும், பாதி தீர்ந்த சொட்டு மருந்தும்தான். ஷாம்பு கம்பெனிக்காரர் அளவு டேப்போடு வந்து அந்த மூலையை அளந்துவிட்டுப் போனார். என் கண்ணெதிரே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் பெட்டியின் ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். ஆகா, ஒருவருக்காவது அக்கறை வந்ததே என்று பூரித்துப்போய் அருகே போனேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தலைவலிக்கு நல்லதா ஏதாச்சும் உள்ள விழுந்திருக்காக்கா?"

சரோஜாக்காவின் பை

திருவேட்டக்குடி சரோஜாக்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன் விற்பவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரருக்குச் சுகர், பிரஷர் மாத்திரையெல்லாம் எங்கள் கடையில்தான். அந்த மனிதர் தவறிப்போன செய்தி கேட்டு மனசே சரியில்லை. கருமாதி முடிந்து அக்கா கூடையோடு வந்தபோது, துக்கம் விசாரித்த வாயாலேயே மீதி மாத்திரையைப் பற்றியும் கேட்டுவிட்டேன். அவர் பொருளையெல்லாம் கடலில் விட்டாயிற்று, மாத்திரையையும் விடப்போகிறோம் என்றார். தண்ணீரில் கரையும், மீன் தின்னும் என்றேன். "தின்னட்டுமே. மீனுக்கும் சுகர் வராம இருக்கும்ல" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் நம்பிக்கையை விட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் அதே அக்கா வந்து, கவுண்டரில் ஒரு பெரிய பையைக் கவிழ்த்தார். அட்டை அட்டையாக, பிரிக்காத மாத்திரைகள். பலவும் நானே கவரில் போட்டுக் கொடுத்தவை. படகில் வலைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாராம் வீட்டுக்காரர், மாத்திரை போட்டாச்சு போட்டாச்சு என்று அக்காவை ஏமாற்றிக்கொண்டு. முதலாளி எழுந்து வந்து பார்த்தார். உடனே ஷாம்புக்காரருக்குப் போன் போட்டு, ஸ்டாண்டை வாசலில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். பெட்டி வழிய வழிய நிரம்பியது. கடலில் விடவில்லையா அக்கா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு அஸ்திய அங்கதான தங்கச்சி விட்டுருக்கோம். இருந்தப்பதான் மாத்திரையக் கையில வச்சுக்கிட்டு தொரத்துனேன், அங்கயும் போயி தொரத்தணுமா?"

இத்தனை வருஷத்தில் யாரைக் குணப்படுத்தினேனோ தெரியாது, எங்கள் ஊர்த் தண்ணீருக்கு மட்டும் டோஸைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.