அருவிக்கு முந்தின போர்டு

குற்றாலம் போகும் வழியில், சாரலில் நனைந்தபடி சாலையோரம் ஒருவர் குத்தவைத்திருந்தார். நரைத்த மீசை, முட்டிவரை சேறு. பக்கத்தில் நடுவதற்கு வைத்திருந்த வளைவு எச்சரிக்கைப் போர்டு. குழி தோண்டும் முன், கார் ஓட்டுபவரின் கண்மட்டத்துக்கு இறங்கி இப்படித்தான் சாலையைப் பார்ப்பாராம்.

"வளைவு அங்கனல்லா இருக்கு அண்ணாச்சி, இங்கன ஏன் நடுதீங்க?" என்றேன்.

"பத்தடி நடந்துட்டு வாங்க, சொல்லுதேன்."

நடந்தேன். மரங்கள் விலகின, மலையிலிருந்து அருவி வெள்ளை வெளேரென்று இறங்கிக்கொண்டிருந்தது. வாய்பிளந்து நின்றவன், பின்னால் பஸ் ஹாரன் அலறியதும்தான் துள்ளி ஒதுங்கினேன்.

திரும்பி வந்ததும் சிரித்தார். "அருவி கண்ணுல பட்ட பெறவு எவன் போர்டைப் பாக்கான்?"

அவரை மறுபடி பார்த்ததில்லை. அந்த வழியே காரில் போகையில் அந்தப் போர்டைக் கண்டால் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. அதற்கப்புறம்தான் அருவி தெரிகிறது.