ஒருத்தருக்கு மட்டும் கேட்கிற டீவி

ஜெயலெட்சுமி கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்று அந்த லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் சொல்வார்கள். அது பொய். கோபம் அவளுக்கும் வரும். வந்தால் வாயைத் திறக்கமாட்டாள், கை வேகத்தில் காட்டுவாள். அன்றைக்கு அவள் பறித்த கொழுந்து மற்றவர்களைவிட நாலு கிலோ கூடுதலாக இருக்கும். இந்த வருஷம் மாசி மாதத்தில் மூன்று வாரம் தொடர்ந்து கூடுதலாகவே பறித்தாள். காரணம், பக்கத்துக் காம்பரா காளியாயி.

ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கிற லயம் அது; இருபத்திரண்டு வருஷமாக இருவரும் அதில் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருக்கிறவர்கள். மலையில் கொழுந்து பறிக்கப் போனாலும் அடுத்தடுத்த நிரைதான். அப்படிப்பட்டவர்களைப் பிரித்தது ஒரு டீவி.

ஜெயலெட்சுமியின் கணவர் தங்கவேலு தேயிலை ஆலையான ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து உருட்டுகிற ரோலர் பக்கத்தில் நின்றவர். அந்த இரைச்சல் அவருடைய காதில் பாதியை எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு டீவிதான் உலகம் என்று ஆகிவிட்டது, அதையும் உச்ச சத்தத்தில் வைத்தால்தான் கேட்கும். காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "திரும்ப ஸ்டோருக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்று கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டார். காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவரோ கூரைவரை போவதில்லை. இங்கே விளம்பரத்தில் சோப்புப் போட்டால் அங்கே நுரை பறக்கும்.

காளியாயியின் மகள் தனுஷிகா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இரண்டு தடவை காளியாயி நயமாகத்தான் சொன்னாள். மூன்றாவது தடவை வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, பிள்ள படிக்க வேணாமா? காதுல பஞ்ச வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு."

"ஒம் பிள்ள படிச்சு வந்து எங் காதையா சரி பண்ணப் போகுது?" என்று கத்தினார் தங்கவேலு.

கத்தியதில் பாதி கோபம். மீதி, தன் குரல் தனக்கே கேட்காததால். ஆனாலும் விட்ட வார்த்தை விட்டதுதானே. காளியாயி திரும்பிப் போனாள். மறுநாள் காலையில் கங்காணியிடம் சொல்லி, மலையின் அந்தக் கோடிக்கு நிரையை மாற்றிக்கொண்டாள்.

அதுதான் ஜெயலெட்சுமியை அறுத்தது. லயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து மணிக்குத் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து தனியாகக் குடிப்பதை எப்படிப் பொறுப்பது? வீட்டில் டீவிச் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள். தங்கவேலு கொஞ்ச நேரம் டீவியில் அசைகிற உதடுகளையே உற்றுப் பார்த்துவிட்டு, பொழுது சாயும் முன்பே போர்த்திக்கொண்டு படுத்தார். அதையும் அவளால் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பில் வேலை செய்கிற மகன் பிரதாப் போனில் பேசினான். "அம்மா, மழை வந்தா டிஷ் நின்னுருதுன்னு அப்பா ஏசுறாரு. நான் வச்சுட்டு வந்த ரவுட்டர் சும்மாதானே கெடக்கு. டீவியில மாட்டுற பொட்டி ஒண்ணு வாங்குங்க. படம், நியூஸ் எல்லாம் இன்டர்நெட்டுலயே வரும்." பேச்சோடு பேச்சாக, "சிலதுல வயர் இல்லாத ஹெட்செட்டும் மாட்டலாம்" என்றான். மற்றது எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை. இது ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் பஸ் ஏறினாள். கடைவீதியில் ஜனார்த்தனனின் எலக்ட்ரிக் கடை. அவர் மூன்றை எடுத்து வைத்தார்: விரல் நீளத்தில் ஒரு ஸ்டிக், உள்ளங்கை அகலத்தில் இரண்டு பெட்டிகள். எதில் படம் தெளிவு, எதில் வேகம், எது வாயால் சொன்னாலே படத்தைத் தேடித் தரும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

"தம்பி, படம் எப்படியும் தெரிஞ்சுட்டுப் போகட்டும். ஒருத்தருக்கு மட்டும் கேக்கணும், பக்கத்து வீட்டுக்குக் கேக்கக்கூடாது. அது எதுல நடக்கும்?"

ஜனார்த்தனன் விழித்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "அதுக்கு புளூடூத் வேணுங்கம்மா. மூணுலயும் இருக்குன்னுதான் போட்டிருக்கு."

"போட்டிருக்கிறத விடுங்க. மாட்டிக் காட்டுங்க."

மாட்டினார். ஸ்டிக் ஹெட்செட்டை ஏற்கவே இல்லை. முதல் பெட்டியில் சத்தம் வந்தது, ஆனால் உதடு அசைந்து ஓய்ந்த பிறகுதான் பேச்சு வந்தது. "இதக் கொண்டு போனா அவரு என்னையத்தான் ஏசுவாரு" என்று தள்ளி வைத்தாள். அடுத்தது பெரிதாகப் பெயரில்லாத பெட்டி. ஹெட்செட்டைத் தலையில் வைத்து, இன்னும் இன்னும் என்று சத்தத்தைக் கூட்டச் சொல்லி, கடைசியில் ஐயோ என்று கழற்றினாள். பிறகு அதை ஜனார்த்தனன் தலையில் மாட்டிவிட்டு, கடைக்கு வெளியே போய் நின்று காது கொடுத்துக் கேட்டாள். பொட்டுச் சத்தம் இல்லை. மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் அசைந்தது. "இதையே கட்டுங்க, ஹெட்செட்டையும் சேத்து" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் பிரதாப் போனில் சொல்லச் சொல்ல, புருஷனும் பெண்சாதியுமாகப் பெட்டியை டீவியில் பூட்டினார்கள். முணுமுணுத்துக்கொண்டே ஹெட்செட்டை மாட்டிய தங்கவேலுவின் முகம் அப்படியே விரிந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது அவருக்கு. ஜெயலெட்சுமி நிம்மதியாக ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். லயமே அமைதியாக இருந்தது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கதவு படபடவென்று அடிபட்டது. திறந்தால் காளியாயி, ஈரக் கையோடு, மூச்சு வாங்க நின்றாள்.

"ஜெயா, அண்ணனுக்கு என்னடி? சத்தத்தையே காணோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா?"

உள்ளே தங்கவேலு நாற்காலியில் சாய்ந்து, தோள் குலுங்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். காளியாயி அவரைப் பார்த்தாள், தலையில் இருந்ததைப் பார்த்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "பாவி மனுஷா... போயிட்டாருன்னே நெனச்சுட்டேன்டி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜெயலெட்சுமி மாவுக் கையோடு அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. அழுகையும் வந்தது.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார் தங்கவேலு. ஹெட்செட்டைக் கழற்றாமலே எழுந்து நின்று, லயத்தின் கடைசிக் காம்பராவரை கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"காளியாயி! அன்னைக்கு நான் பேசுனது தப்புத்தான்!"

"மெதுவாச் சொல்லுங்கண்ணே" என்றாள் காளியாயி. "பிள்ள படிக்குது."